கடலில்லாத நேபாளத்துக்கு எந்த வழி? கொல்கத்தா, விசாகப்பட்டினம், கேருங், வங்கதேசம்: ஓர் ஒப்பீடு

குவாங்சௌவில் வாங்கிய ரைஸ் குக்கர் காத்மாண்டுக் கடைக்கு எந்த வழியாக வர வேண்டும்? வரைபடத்தில் பார்த்தால் பதில் எளிது. சீனாவும் நேபாளமும் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மலை. ஆனால் நிறையக் கன்டெய்னர் பெட்டிகள் தென்சீனக் கடலில் ஏறி, மலாக்கா நீரிணையைக் கடந்து, கொல்கத்தாவில் இறங்கி, பீகாரைத் தாண்டித் தெற்கு வாசல் வழியாகத்தான் நேபாளத்துக்குள் நுழைகின்றன.

இது பற்றி என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், "சீனா பக்கம் கதவு திறந்துவிட்டதே, இனி நேபாளம் ஏன் இந்தியத் துறைமுகத்தை நம்ப வேண்டும்?" என்கிறார்கள். நேபாளத்தோடு சிறு அளவில் வியாபாரம் செய்பவர்களோ, "கொல்கத்தாவா, விசாகப்பட்டினமா, கேருங்கா? எங்கே புக் செய்வது?" என்கிறார்கள். கேருங் என்பது நேபாளத்தை ஒட்டிய திபெத் எல்லை ஊர். முதல் கேள்வி நாட்டைப் பற்றியது, இரண்டாவது ஒரு பெட்டியைப் பற்றியது. பெட்டியின் கணக்கைச் சரியாகப் போட்டால் நாட்டின் கணக்கும் புரிந்துவிடும். அதனால் பெட்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

கிலோமீட்டரை வைத்து அளப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. நான் ஐந்து விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, பெட்டி வந்துசேர எத்தனை நாள் என்பதைவிட, அந்த நாள் எவ்வளவு மாறக்கூடும் என்பது. 40 நாள் என்று சொல்லி 42 நாளில் வந்தால் கடைக்காரர் பிழைத்துக்கொள்வார். 15 நாள் என்று சொல்லி ஒருமுறை 12 நாளிலும் மறுமுறை 90 நாளிலும் வந்தால் அவரால் கடை நடத்த முடியாது.

இரண்டாவது, பெரிய கப்பல் நேராக வருமா, அல்லது நடுவில் வேறு கப்பலுக்கு மாற வேண்டுமா.

மூன்றாவது, காலிப் பெட்டி. விலைப்பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத செலவு இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கன்டெய்னர் சரக்கு வாங்கியவருடையது அல்ல, கப்பல் நிறுவனத்துடையது. சில நாள் இலவசமாகத் தருவார்கள். அதற்குள் திருப்பித் தராவிட்டால் நாள் கணக்கில் டிடென்ஷன் என்ற தாமதக் கட்டணம் ஏறும். துறைமுகத்திலேயே கிடந்தால் அதற்குத் தனியாக டிமரேஜ். நேபாளத்தின் இறக்குமதி ஏற்றுமதியைப் போலப் பல மடங்கு. நிரம்பி வந்த பெட்டிகளில் பெரும்பாலானவை காலியாகத்தான் திரும்ப வேண்டும். திரும்பும் பயணத்துக்குச் சரக்கு இல்லையென்றால் அந்த வாடகையை யார் தருவது? வந்த சரக்கின் விலையில்தான் அது ஏறும். காத்மாண்டுவில் குக்கர் வாங்கும் அம்மா, ஒரு காலிப் பெட்டி கடலுக்குத் திரும்பிப் போன செலவையும் சேர்த்தே கொடுக்கிறார்.

நான்காவது, கடைசி 100, 200 கிலோமீட்டர் சாலை. எந்த வழியில் வந்தாலும் நேபாளத்துக்குள் மலையேறித்தான் தலைநகரை அடைய வேண்டும்.

ஐந்தாவது, வாசல் சாவி யார் கையில் என்பது. கடல் சட்டம் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையின் 125-ஆம் பிரிவு, நிலம்சூழ் நாடுகளுக்குக் கடலை அடையும் உரிமையைத் தருகிறது. ஆனால் எந்த வழியில், என்ன நிபந்தனையில் என்பதை அண்டை நாட்டோடு பேசித்தான் முடிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உரிமை ஐ.நா.விடம் கிடைத்தாலும் சாவி பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது.

## கொல்கத்தா, ஹால்தியா: பழகிய வழி

கொல்கத்தாவிலிருந்து நேபாள எல்லையான பீர்கஞ்ச் சுமார் 700 கிலோமீட்டர். இந்தியப் பக்கம் ரக்சௌல், நேபாளப் பக்கம் பீர்கஞ்ச். பீர்கஞ்சை ஒட்டிய சிர்சியாவில் உள்ள உலர்துறைமுகத்துக்கு ரயில் நேராகவே போகிறது. 2004-இல் அது இயங்கத் தொடங்கியதிலிருந்து நேபாளத்தின் உண்மையான துறைமுகம் அதுதான் என்று சொல்லலாம். அங்கே கடல் இல்லை, ஆனால் கப்பலில் வந்த பெட்டி இருக்கிறது.

கொல்கத்தாவின் குறை, அது ஆற்றுத் துறைமுகம். ஹூக்ளி ஆற்றின் முகத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வண்டல் படியும், ஓதம் பார்த்துத்தான் கப்பல் உள்ளே வரும். பெரிய தாய்க்கப்பல்கள் வர முடியாது. அதனால் சரக்கு கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கிள்ளான் துறைமுகத்திலோ இறங்கி, சிறிய கப்பலுக்கு மாறி வருகிறது. மாறும் இடத்தில் இடமில்லை என்றால் அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கொழும்பில் நெரிசல் என்றால் அதன் சூடு காத்மாண்டு வரை தெரியும். ஹால்தியா கடலுக்குக் கொஞ்சம் அருகில் இருப்பதால் நிலக்கரி, உரம், எண்ணெய் போன்ற மொத்தச் சரக்குக்கு உதவுகிறது. ஆனால் அதுவும் அதே ஹூக்ளிதான்.

முன்பெல்லாம் இந்த வழியில் தாள் வேலை பெரிய தலைவலி. நேபாள இறக்குமதியாளர் கொல்கத்தாவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டை வைத்துச் சுங்கப் பத்திரம், காப்பீடு எல்லாம் முடிக்க வேண்டும். அந்தப் பத்திரம் முடிய முடியப் பெட்டிக்கு டிமரேஜ் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது மின்னணு முத்திரை வைத்து ரயிலில் போகும் கன்டெய்னர்களைக் கண்காணிக்கும் முறை வந்திருக்கிறது. கப்பல் நிறுவனமே பீர்கஞ்ச் வரை பொறுப்பேற்றுக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். சுங்கச் சோதனை பீர்கஞ்சில் நடக்கும். கடந்த இருபது ஆண்டுகளில் நேபாள வியாபாரிக்கு நடந்த பெரிய நன்மை எது என்று கேட்டால் எந்த நெடுஞ்சாலையையும் சொல்ல மாட்டேன், இந்த முத்திரையைத்தான் சொல்வேன்.

கிழக்கு நேபாளத்துக்கும் ஒரு நல்ல மாற்றம். ஜோக்பனி–விராட்நகர் ரயில் வழியில் கன்டெய்னரும் மொத்தச் சரக்கும் போக 2025 நவம்பரில் இரு நாடுகளும் ஒப்பந்தத்தைத் திருத்தின. விராட்நகர் ஆலைகளுக்கு இனி பீர்கஞ்சைச் சுற்ற வேண்டியதில்லை.

கொல்கத்தா யாருக்கு ஏற்றது? இந்திய எல்லையை ஒட்டிய தராய் சமவெளியில் ஆலை வைத்திருப்பவர், மொத்தச் சரக்கு இறக்குபவர், அவசரம் இல்லாத வீட்டு உபயோகப் பொருள் வாங்குபவர்.

## விசாகப்பட்டினம்: தூரம் கூடுதல், நாள் குறையலாம்

விசாகப்பட்டினத்திலிருந்து பீர்கஞ்ச் ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர், கொல்கத்தாவைப் போல இரண்டு மடங்கு. அப்படியிருக்க ஏன் இதை யோசிக்க வேண்டும்?

துறைமுகம் ஆழமானது. 14 மீட்டருக்கு மேல் மிதவை ஆழம் உள்ள கப்பல்கள் நேராக வரலாம். கொழும்பில் மாறிக் காத்திருக்கும் நாள் மிச்சம். ஓதத்துக்குக் காத்திருக்கவும் வேண்டாம். கடலில் மிச்சமான நாளை ரயிலில் கொஞ்சம் செலவழித்தாலும் மொத்தத்தில் பெட்டி முன்கூட்டியோ அதே நாளிலோ வந்துவிடுகிறது. 2016-இல் இந்தத் துறைமுகத்தை நேபாளத்துக்குத் திறக்க ஒப்புக்கொண்டபோது, கொல்கத்தாவுக்குப் போட்டி வந்ததே பெரிய லாபமாகப் பட்டது. ஒரே வாசல் இருந்தால் அந்த வாசல்காரர் சொல்வதுதான் விலை.

மறைந்த செலவு ரயிலில்தான். ரயில்வண்டி என்றால் ஒரு பெட்டிக்காகப் போகாது. முழு ரேக், அதாவது ஒரு வண்டித் தொடர் முழுவதும், நிரம்ப வேண்டும். நிரம்பும் வரை உங்கள் பெட்டி துறைமுக முற்றத்தில் காத்திருக்கும். அப்புறம், காலிப் பெட்டியும் அதே 1,400 கிலோமீட்டரைத் திரும்பக் கடக்க வேண்டும். விலை பேசும்போது போகும் வாடகையை மட்டும் கேட்டுவிட்டு, "விசாகப்பட்டினம் மலிவு" என்று முடிவு கட்டியவர்கள் பிறகு வருந்தியதைப் பார்த்திருக்கிறேன்.

மாதந்தோறும் தொடர்ந்து பெட்டி இறக்கும் பெரிய இறக்குமதியாளருக்கு இது நல்ல வழி. வருடத்துக்கு நான்கு பெட்டி வாங்குபவருக்குக் கொல்கத்தாவே போதும்.

## கேருங்: அருகில் இருக்கும் தூரத்து வாசல்

எல்லோரும் ஆசையோடு கேட்பது இந்த வழியைத்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சீனா வழி என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று, சீனத் துறைமுகங்கள். 2016 மார்ச்சில் கே.பி. சர்மா ஓலி பிரதமராக இருந்தபோது கையெழுத்தான ஒப்பந்தமும் 2019-இல் முடிந்த அதன் நடைமுறை விதிகளும் தியான்ஜின், ஷென்சென், லியன்யுன்காங், ஜான்ஜியாங் ஆகிய நான்கு துறைமுகங்களை நேபாளத்தின் மூன்றாம் நாட்டு வணிகத்துக்குத் திறந்தன. ஆனால் தியான்ஜின் நேபாள எல்லையிலிருந்து 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால். ஜெர்மனியிலிருந்து வரும் ஓர் இயந்திரத்தை அங்கே இறக்கி, திபெத்தியப் பீடபூமி முழுவதையும் கடத்தி யார் கொண்டுவருவார்கள்? அந்த ஒப்பந்தம் பேச்சுவார்த்தை மேசையில் நேபாளத்தின் கையைப் பலப்படுத்தியது. அதன் மதிப்பு அதுதான். பெட்டி போகும் வழியாக அதைக் கணக்கில் வைக்க வேண்டாம்.

இன்னொன்று, சீனாவிலேயே செய்த பொருள் தரைவழியாக வருவது. இது உண்மையான வழி. ரயில் லாசாவுக்கு 2006-லும் ஷிகாட்சேக்கு 2014-லும் வந்துவிட்டது. அங்கிருந்து லாரியில் கேருங். பாலத்தைத் தாண்டினால் நேபாளப் பக்கத்து ரசுவாகடி, அங்கிருந்து காத்மாண்டு 150 கிலோமீட்டருக்குள்தான். எல்லாம் ஒழுங்காக இருந்தால் கடல்வழியைவிட மிக விரைவாகச் சரக்கு வந்துவிடும். துணி, செருப்பு, கைப்பேசி உதிரி, மின்சார வாகனம் போன்றவற்றுக்கு இந்த விரைவு பெரிய ஈர்ப்பு. கப்பல் பெட்டியே இல்லை என்பதால் டிடென்ஷன் பயமும் இல்லை.

ஆனால் "எல்லாம் ஒழுங்காக இருந்தால்" என்பதுதான் இங்கே முழு விலை. 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சீன எல்லையின் இன்னொரு வாசலான தாதோபானி மூடியது. திறக்க 2019 மே ஆயிற்று. நான்கு ஆண்டு. கொரோனா காலத்தில் சீனா வடக்கு வாசல்களை மூடியும் திறந்தும் மாதக்கணக்கில் சரக்கைத் தேக்கியது. தசைன் பண்டிகைக்காக வாங்கிய துணி கேருங்கில் கிடக்க, பண்டிகை முடிந்துபோனது. 2025 ஜூலை 8 அன்று போதேகோசி வெள்ளம் ரசுவாகடியின் நட்புப் பாலத்தையே அடித்துச் சென்றது. சுங்க முற்றத்தில் நின்ற சரக்கும் வண்டிகளும் ஆற்றோடு போயின. உயிர்களும் போயின. அதை எழுதும்போது சரக்குக் கணக்குக் கொஞ்சம் சிறியதாகத்தான் தெரிகிறது.

காலண்டரைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். தசைன் செப்டம்பர், அக்டோபரில் வரும். நேபாளத்தில் ஆண்டின் மிகப் பெரிய வியாபாரம் அப்போதுதான். அதற்கான சரக்கு ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் வர வேண்டும். மலைச்சரிவு விழுவதும் அதே மாதங்களில்தான். சரக்கு அதிகம் தேவைப்படும் வேளையில் இந்த வழி மிகப் பலவீனமாக இருக்கிறது. இதனால்தான் கேருங்கை மட்டும் நம்பித் தசைன் சரக்கு வாங்காதீர்கள் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

கேருங்–காத்மாண்டு ரயில் வந்தால் மாறாதா என்று கேட்பவர்களுக்கு: நேபாளப் பக்கத்தில் அந்தப் பாதையின் பெரும்பகுதி சுரங்கமும் பாலமும்தான். ஆய்வு நடக்கிறது. நிலநடுக்க மண்டலத்தில், இமயத்தின் குறுக்கே, யார் கடனில் கட்டுவது என்ற கேள்விக்கு இன்னும் விடை இல்லை. இன்று எடுக்கும் முடிவில் அதைச் சேர்க்க முடியாது.

## வங்கதேசம்: இந்தியாவைத் தவிர்க்காத மாற்று

நேபாளத்தின் கிழக்குக் கோடியில் காகர்பிட்டா. அங்கிருந்து சிலிகுரி வழித்தடத்தைக் குறுக்காகக் கடந்தால் வங்கதேசத்தின் பங்களாபந்தா. அந்த வழித்தடத்தின் குறுகிய இடத்தில் அகலம் 22 கிலோமீட்டர் அளவுதான். 1997-இல் இந்த வழி திறந்தது. மோங்லா, சட்டோகிராம் (சிட்டகாங்) துறைமுகங்களுக்கு இப்படிப் போகலாம்.

கிழக்கு நேபாளத்தின் பருப்பு வங்கதேசச் சந்தைக்குப் போக இது பொருத்தமான வழி. மூன்றாம் நாட்டுச் சரக்குக்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை. கூடுதலாக ஒரு நாட்டின் சுங்கம், கூடுதலாக ஒருமுறை ஏற்றி இறக்குதல். சட்டோகிராமும் ஆற்றுத் துறைமுகம்தான், நெரிசலுக்குப் பெயர் போனது. நடுவில் இருப்பது இந்திய மண்தான் என்பதால், இந்தியாவோடு மனத்தாங்கல் வந்தால் இந்த வழியும் சேர்ந்தே நிற்கும்.

## அருகருகே வைத்தால்

| வழி | தூரம் | பலம் | மறைந்த செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| கொல்கத்தா, ஹால்தியா | பீர்கஞ்சுக்கு சுமார் 700 கி.மீ. | நேரடி ரயில், பழகிய நடைமுறை | கப்பல் மாறும் காத்திருப்பு, டிடென்ஷன் | மொத்தச் சரக்கு, தராய் ஆலைகள், சிறு இறக்குமதியாளர் |
| விசாகப்பட்டினம் | சுமார் 1,400 கி.மீ. | ஆழம், நேரடிக் கப்பல் | ரேக் நிரம்பும் வரை காத்திருப்பு, காலிப் பெட்டியின் நீண்ட பயணம் | மாதந்தோறும் பெட்டி இறக்குபவர் |
| கேருங் | எல்லையிலிருந்து காத்மாண்டு 150 கி.மீ.க்குள் | விரைவு, கப்பல் பெட்டி வேண்டாம் | மழை, எல்லை மூடல் | சீனப் பொருள், குளிர் முடிந்து மழைக்கு முன் |
| வங்கதேசம் | சிலிகுரி வழியாக | அருகிலுள்ள சந்தை | இரண்டு எல்லை, கூடுதல் ஏற்றிறக்கு | கிழக்கு நேபாள வேளாண் பொருள் |

## சாவி யார் கையில்?

இனி முதல் வகைக் கேள்விக்காரர்களுக்கு.

1989 மார்ச்சில் இந்தியாவோடு வணிக, போக்குவரத்து ஒப்பந்தங்கள் காலாவதியானபோது 15 போக்குவரத்து வாசல்களில் 13 மூடப்பட்டன. 2015 செப்டம்பரில் புதிய அரசியலமைப்பு வந்தபோது தராயில் வாழும் மதேசி மக்களின் போராட்டம் எல்லையில் நடந்தது, லாரிகள் நின்றுபோயின. தடை விதிக்கவில்லை என்றது இந்தியா, தடைதான் என்றது நேபாளம். ஏறத்தாழ ஐந்து மாதம் நீடித்த அந்தக் குளிர்காலத்தில் சமையல் எரிவாயு சிலிண்டரைப் பாதி நிரப்பித்தான் கொடுத்தார்கள். நகரத்தில் விறகு விற்றார்கள். நிலநடுக்கத்தில் வீடிழந்து கூடாரத்தில் இருந்தவர்களுக்கு அது என்ன குளிர்காலமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அந்த நேரத்தில் சீனா கேருங் வழியாக 13 லட்சம் லிட்டர் எரிபொருளை நன்கொடையாக அனுப்பியது. நல்ல எண்ணம்தான், ஆனால் நாட்டின் தேவைக்கு முன் அது சில நாள் கணக்கு.

அப்படியானால் இந்தியாவை விட்டு விலகுவது தானே சரி என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. நேபாளத்தின் வெளிவணிகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தியாவோடுதான். அது துறைமுகத்தைக் கடந்து போகும் சரக்கல்ல, இந்தியாவிலேயே வாங்கி இந்தியாவிலேயே விற்பது. நேபாள ரூபாயின் மதிப்பு 1993-லிருந்து ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 என்று கட்டப்பட்டிருக்கிறது. 2019 செப்டம்பரில் மோத்திஹாரியிலிருந்து அம்லேக்கஞ்சுக்கு 69 கிலோமீட்டர் எண்ணெய்க் குழாய் வந்தது. இதனால் லாரிச் செலவு குறைந்தது, வழியில் களவு போவதும் குறைந்தது, கூடவே சார்பு இறுகியது. மூன்றும் உண்மை. எந்தப் பிரதமர் வந்தாலும் இமயம் தெற்கே நகராது. வேறு வாசல்கள் தேவைப்படுவது தெற்கு வாசலில் நியாயமாகப் பேசுவதற்குத்தான். விசாகப்பட்டினம் திறந்ததும், போக்குவரத்து ஒப்பந்தம் ஏழாண்டுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற 1999 ஏற்பாடும் அந்தப் பேச்சில் கிடைத்தவை.

## பெட்டியே வேண்டாத சரக்கு

இந்தக் கணக்கு எல்லாவற்றையும் தாண்டிப் போகும் ஒரு பொருள் நேபாளத்திடம் இருக்கிறது. மின்சாரம். அதற்குத் துறைமுகம் வேண்டாம், காலிப் பெட்டி திரும்ப வேண்டாம், காத்மாண்டு போகும் முக்லிங் சாலையில் சரிவு விழுந்தாலும் கம்பியில் போகும். மழைக்காலத்தில் ஆறுகள் நிறைந்து மிஞ்சும் மின்சாரம் தால்கேபர்–முசாபர்பூர் கம்பி வழியாக இந்தியாவுக்குப் போகிறது. 2024 நவம்பரில் இந்தியக் கம்பி வழியாக வங்கதேசத்துக்கும் 40 மெகாவாட் முதன்முறையாகப் போனது. லாரியை முடக்கும் அதே மழை இங்கே சரக்காகிறது.

இதிலும் மறைந்த விலை உண்டு. சீன முதலீடு இருக்கும் மின்திட்டத்தின் மின்சாரத்தை இந்தியா வாங்குவதில்லை. அணையை யாரைக் கொண்டு கட்டுவது என்று முடிவெடுக்கும் நாளிலேயே யாருக்கு விற்கலாம் என்பதும் முடிவாகிவிடுகிறது. குளிர்காலத்தில் ஆறு வற்றும்போது நேபாளமே மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது.

## கடைசி மலைச்சாலை

பீர்கஞ்சில் இறங்கிய பெட்டி காத்மாண்டு சேர நாராயண்கட்–முக்லிங் சாலையில் ஏற வேண்டும். 2024 ஜூலையில் அந்தச் சாலையில் சிமல்தாலில் சரிவு இரண்டு பேருந்துகளைத் திரிசூலி ஆற்றுக்குள் தள்ளியது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதி மழையில் தலைநகரின் பல சாலைகள் ஒரே நேரத்தில் அறுந்தன, தசைனுக்குச் சில நாள் முன்பு. தெற்கு வழி பாதுகாப்பானது என்று நான் சொல்வது எல்லை வரைக்கும்தான். ராணுவம் 2017-லிருந்து கட்டிவரும் சுமார் 71 கிலோமீட்டர் விரைவுச்சாலை முடிந்தால் தராயிலிருந்து தலைநகர் கொஞ்ச நேரப் பயணமாகிவிடும். நேபாள அரசு ஒரே ஒரு வேலையை முடிக்கலாம் என்றால் நான் அதைத்தான் கேட்பேன். எந்தத் துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதன் பலன் கிடைக்கும்.

சரி, புக் செய்யக் காத்திருப்பவர்களுக்கு. சீனப் பொருள் என்றால் பிப்ரவரி முதல் மே வரை கேருங்கில் கொஞ்சம் அனுப்பலாம். தசைன் சரக்கைக் கடல்வழியில் ஏற்றி, ஆகஸ்டுக்குள் பீர்கஞ்சில் இறங்கும்படி கணக்கிடுங்கள். பணம் கட்டுவதற்கு முன் கப்பல் ஏஜென்ட்டிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். பில் ஆஃப் லேடிங் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீது) பீர்கஞ்ச் வரைக்குமா, துறைமுகம் வரைக்கும் மட்டுமா? இலவச நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கும்? காலிப் பெட்டியைப் பீர்கஞ்சிலேயே எடுத்துக்கொள்வார்களா, துறைமுகத்துக்கே நான் கொண்டுவர வேண்டுமா? மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு கொல்கத்தாவையும் விசாகப்பட்டினத்தையும் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள்.